கண்ணைத் தாண்டிப் பரவிய நோய்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது சிறு பிள்ளைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய், எலும்புக்கும் மஜ்ஜைக்கும் போய்விட்டால் ஒரு டாக்டரால் மட்டும் ஆகிற காரியமில்லை. வார்டில் முகம் தெரியாமல் உழைத்தவர்களுக்குப் பெற்றோர்கள் நாங்கள் எழுதும் மடல் இது.

முதல் வணக்கம் பயாப்ஸி லேபுக்கு. எடுத்த கண்ணோடு வந்த பார்வை நரம்பின் வெட்டுமுனையைத் தனியாகச் சீவிப் பார்த்து, முனையிலும் புற்றுச்செல் இருக்கிறது என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரியால்தான் மஜ்ஜை, முதுகுத் தண்டு நீர், எம்.ஆர்.ஐ. என்று தேடல் தொடங்கியது. உடம்பில் பரவியிருந்தாலும் மூளையும் தண்டு நீரும் சுத்தமாக இருந்தால் நோயின் நிலை (ஸ்டேஜ்) 4ஏ, நம்பிச் சிகிச்சையில் இறங்கலாம். அங்கேயும் போயிருந்தால் 4பி, மிகவும் கடினம். மழுப்பாமல் அதைச் சொன்னதற்கும் நன்றி.

கீமோ கலக்கும் பார்மசிக்காரர்களே, ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டிய வின்கிரிஸ்டின் மருந்து தவறி முதுகுத் தண்டுக்குள் ஏறினால் உயிர் போய்விடும். அதனால்தான் முதுகில் போடும் ஊசியோடு மாறிவிடாதபடி சிரிஞ்சில் எடுக்காமல் சிறு பையில் கலந்தே அனுப்பினீர்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து செவித்திறனைக் கெடுக்கும் என்று சுற்றுக்குச் சுற்று காதைச் சோதித்த ஆடியாலஜிஸ்டுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பார்வை குறைந்த பிள்ளைக்குக் காதுதானே துணை!

அதிக அளவு கீமோவுக்குப் பின் திரும்ப ஏற்றுவதற்காகப் பிள்ளையின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லை, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் தாய்ச் செல்லை, எந்திரத்தால் பிரித்துச் சேகரிப்பார்கள். அதில் பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் சிடி34 செல்லாவது (சிடி34 என்பது ஸ்டெம் செல்லின் அடையாளக் குறி) வேண்டும். பத்துக் கிலோ பிள்ளையின் உடம்பில் ஓடும் ரத்தமே முக்கால் லிட்டர்தான். எந்திரத்தின் குழாயை முதலில் கொடையாளர் ரத்தத்தால் நிரப்பிவிட்டுத் தொடங்கிய டெக்னீஷியன்களின் பொறுமை பெரிது.

பிறகு அதிக அளவில் கார்போபிளாட்டின், எட்டோபோசைடு, தையோடெபா என்ற கீமோ மருந்துகள். இந்தத் தையோடெபா வியர்வையில் கசிந்து தோலைப் பொசுக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடு இரவானாலும், வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, கழுத்து மடிப்பு, அக்குள், டயாப்பர் விளிம்பு எல்லாம் ஒற்றித் துடைத்து, விரிப்பை மாற்றினீர்கள் சிஸ்டர்களே. பிளாஸ்டர் ஒட்டிய இடத்தில் மருந்து தேங்கும் என்று மருந்து ஏற்றும் குழாயின் (லைன்) மேல் போட்ட கட்டையும் அப்போதே மாற்றினீர்கள். அந்தப் பிள்ளைகளின் தோல் கறுத்து உரியாமல் தப்பியது உங்களால்தான்.

சேகரித்த ஸ்டெம் செல் திரும்ப ஏறி, ரத்த அணுக்களின் எண்ணிக்கை எழும்வரை தாங்கியவர்கள் பிளேட்லெட் (ரத்தக்கசிவை நிறுத்தும் தட்டணு) கொடையாளர்கள். பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். ஒவ்வொரு பையையும் கதிர்வீச்சுக்குக் காட்டி அனுப்பிய ரத்த வங்கிக்கும் நன்றி. அது விட்டுப்போனால் கொடையாளரின் வெள்ளணுக்கள் பிள்ளையின் உடம்பையே தாக்கும்.

பிளேட்லெட் தரப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆஸ்பிரின் போட்டு 3 நாள் ஆகவில்லையென்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பிளேட்லெட் ரத்தக்கசிவை நிறுத்தாது, அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
பெற்றோர்கள்