அம்மாவின் காப்பு

அன்புள்ள மச்சான்,

பதில் எழுதப் பிந்திவிட்டது, கோபிக்காதே. போன மாதம் அம்மா கிணற்றடியில் விழுந்துவிட்டா. பாரிசவாதம், வலக்கை வலக்கால் இரண்டும் ஏலாது, கதையும் தடுமாற்றம். ஆஸ்பத்திரியில் 9ஆம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தூக்கித் திருப்பிப் படுக்க வைக்க என்னால் முடியாது, என் மனிசி இவளுக்கும் நாரிப்பிடிப்பு, இரண்டே நாளில் ஓர் இல்லம் பார்க்க வேண்டி வந்தது. கேட்ட எல்லாரும் கைதடி அரச முதியோர் இல்லத்தைத்தான் சொன்னார்கள். அது ஆதரவில்லாத சனத்துக்கு, வெளிநாட்டில் இரண்டு தம்பிமாரை வைத்துக்கொண்டு அங்கே போய்க் கேட்க எனக்கு முகமில்லை. காசு கட்டுகிற இல்லமொன்றில் இடம் இருந்தது. மூன்று மாதக் காசை முதலில் கட்டுங்கோ, பிறகு கூட்டி வாங்கோ என்றார்கள்.

அம்மாவிடம் காசு இல்லாமலில்லை, அதுதான் கொடுமை. நிலையான வைப்பு அவவின் பெயரில் மட்டும், கையெழுத்து வைக்கிற கை மடங்கிக் கிடக்கிறது. காணியை விற்போமென்றால் அது மாமாவோடு சேர்ந்த பிரிக்காத பங்கு. எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி முதலில் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும், அவரோ பிரான்சில். அற்றோணி, அதாவது அவவுக்காக நான் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம், எழுதலாமென்று உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் ஓடினால், புத்தி தெளிவாக இருக்கிற ஆள்தான் அதை எழுதிக் கொடுக்கலாம், இனி மாவட்ட நீதிமன்றம்தான் என்றார். தம்பிமார் அனுப்பினார்கள்தான், வந்து சேர 11 நாள்.

கடைசியில் அம்மாவின் காப்புச் சோடிதான். கை வீங்கியிருந்தபடியால் சவர்க்காரம் பூசி, இவள் மெல்ல மெல்லக் கழற்றினாள். வங்கியில் உரைத்து, நிறுத்து, மூன்றே முக்கால் பவுன் என்று அரை மணித்தியாலத்தில் அடைவுக் காசு தந்துவிட்டார்கள். கையெழுத்து என்னுடையது, அதனால் ஒரு கேள்வியுமில்லை.

உன் அம்மா மானிப்பாயில் தனிய இருக்கிறா. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய்தானே, 25 நாளில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கு. வைப்பில் உன் பெயரையும் சேர், இரண்டு பேரில் ஒருவர் கையெழுத்தே போதும் என்று எழுதுவி. அற்றோணியை மட்டும் நம்பாதே, எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தடுமாறினால் அதுவும் செல்லாது. காணி உறுதி எந்தப் பெட்டிக்குள் என்றும் கேள். இதெல்லாம் கதைக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நான் அப்படிக் கூச்சப்பட்டே 6 வருசம் போக்கினேன்.

காப்பைப் போன வெள்ளி மீட்டாச்சு, வீக்கம் வற்றாததால் இன்னும் போடவில்லை. நான் போகிற நேரமெல்லாம் இடக்கையால் அந்த வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு என்னைப் பார்க்கிறா. வந்தால் ஒருக்கால் போய்ப் பார், உன்னை அடையாளம் தெரியுமென்றுதான் நினைக்கிறேன்.

உன்
கொக்குவில் கூட்டாளி