பெயர் சொல்லாமல் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறையில் இருக்கும் இந்தச் சித்திரையில், காரைக்குடியை அடுத்த எங்கள் ஊரில் நடந்துவரும் மாலை வகுப்புக்கும் அதையொட்டிய குடும்ப உதவிப் பணிக்கும் ஓராண்டாகத் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் அறக்கட்டளையின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். வழக்கமாக இத்தகைய மடலில் கொடையாளர்களின் பெயர்ப் பட்டியலும் உதவி பெற்ற பிள்ளைகளின் படங்களும் இடம்பெறும். இதில் இரண்டும் இல்லை. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முந்தைய ஆண்டு புத்தகப்பை வழங்குவதை ஒரு விழாவாகவே நடத்தினோம். மேடை போட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து, பையைக் கையில் கொடுத்துப் படமெடுத்தோம். அடுத்த வாரமே ஏழாம் வகுப்பில் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி வருவதை நிறுத்திவிட்டாள். அந்தப் படம் வாட்ஸ்அப் வழியாக அவளுடன் படிப்பவர்கள் வரை போய்ச் சேர்ந்திருந்தது. பிழை முழுவதும் எங்களுடையது. எங்கள் பிள்ளைகளுக்குச் சுண்டல் தாளித்துக் கொடுக்கும் ஆச்சி ஒருவர், "பந்தியில உக்காந்து சாப்பிடுறவுகளை யாரும் படம் பிடிப்பாகளாப்பா? பை குடுக்க எதுக்கு மேடை?" என்று கேட்டார். இப்போதெல்லாம் பந்தியையும் படம் பிடிக்கத்தான் செய்கிறார்கள் என்றாலும், அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. அன்று முதல் பை, சீருடை, கட்டணம் எதுவாக இருந்தாலும் பெற்றோரிடம் வீட்டில் வைத்துக் கொடுக்கிறோம். பையின் மேல் அறக்கட்டளையின் பெயரை அச்சிடுவதும் இல்லை. அந்தப் பிள்ளை ஆடி கழிந்து திரும்பி வந்தாள். பெயரை வெளியிட வேண்டாம் என்று கொடையாளர்களாகிய நீங்களும் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடல் இப்படி இருக்கிறது.

பூட்டிக் கிடந்த தம் செட்டிநாட்டு வீட்டின் முகப்பையும் பட்டாலை எனப்படும் உள்கூடத்தையும் வகுப்புக்குத் திறந்துவிட்ட ஆச்சிக்கு முதல் நன்றி. வாடகை பற்றிப் பேச்செடுத்தபோது, "பொழுது சாஞ்சா வீட்டில விளக்கு எரியணும், எனக்கு அது போதும்" என்று முடித்துவிட்டார். கோடையிலும் குளிர்ந்திருக்கும், ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தரையில் அமர்ந்து பிள்ளைகள் கணக்குப் போடுவதைப் பார்க்க, அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவர் அவசியம் வரவேண்டும்.

மாலைச் சிற்றுண்டிக்கான கடலையும் பயறும் ஊர்க் கடைக்காரர்களிடமிருந்து வருகின்றன. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. எனவே ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளில் பலர் மதியம் உண்டதோடு மாலை வகுப்புக்கு வந்து, பசியால் ஏழு மணிக்குச் சுணங்கிப் போனார்கள். இதைச் சொன்னதும் கடைக்காரர்கள் எங்களிடம் வேறு கேள்வி கேட்கவில்லை. வணிகத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்துக் கோயிலுக்கும் கல்விக்கும் கொடுத்த வழக்கம் இந்த மண்ணில் பழையது. சுண்டல் கணக்கையும் அவர்கள் தங்கள் பேரேட்டில் மகமை என்றே எழுதுகிறார்கள்.

பணத்தைவிட அரிதாகக் கிடைத்த உதவி ஒன்று உண்டு. வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வாரத்தில் இரண்டு நாள் எங்கள் தாய்மார்களுடன் அலுவலகங்களுக்குப் போய்வருகிறார். தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழியிருக்கிறது. கிராமப்புறக் குடும்பமாக இருந்தால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்கவேண்டும். ஆனால் வருமானச் சான்று, இறப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றில் ஒரே மனிதரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாகச் சென்று, பிறகு மாவட்டத் தலைநகரான சிவகங்கைக்கும் போய்வருவதென்றால், கட்டட வேலைக்கும் கல்யாணச் சமையலுக்கும் போகிற ஒரு பெண் எத்தனை நாள் கூலியை விடமுடியும்? அந்தக் கூலி இழப்பை ஈடுகட்டப் பணம் தந்தவர்கள் உங்களில் சிலர். பார்ப்பதற்குக் கவர்ச்சியற்ற செலவு இது. ஆனாலும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு ஆகும் தொகையைவிட இந்த ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும்தான் ஒரு குடும்பத்தை நெடுநாள் தாங்குகின்றன என்பது என் கருத்து. கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் அவரே விண்ணப்பங்களைச் சரிபார்த்துத் தந்தார்.

பாடம் சொல்லித்தர வந்த கல்லூரி மாணவர்கள் தேர்வுக் காலத்தில்கூட முறைவைத்து வந்தார்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்த ஊர் காரைக்குடி. அந்த அளவுகோலை எங்கள் பக்கம் திருப்பிவிடாதீர்கள். எங்களிடம் இருப்பவை ஒரு கரும்பலகை, இரண்டு பாய்ச்சுருள், மிதிவண்டியில் வரும் இந்தப் பிள்ளைகள், அவ்வளவுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வார்த்த கற்கள் காயாமல் பட்டறை வேலை குறைந்தபோது, தரைக்கல் தொழிலாளர் வீடுகளுக்கு அரிசி கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. ஐந்தொகை எனப்படும் ஆண்டுக் கணக்கு, வகுப்பு நடக்கும் வீட்டு முகப்பில் இருக்கிறது. கொடுத்தவர், கொடுக்காதவர் யாராயினும் வந்து பார்க்கலாம்.

கடைசியாக, வீட்டுக்கார ஆச்சியின் கவனத்துக்கு ஒன்று. மாசி மாதத்தில் பையன்கள் மேசையை இழுத்தபோது பட்டாலையில் ஒரு கல் விரிந்துவிட்டது. பட்டறையில் வேலைபார்க்கும் தந்தை ஒருவர், மழைக்காலத்தில் நம்மிடம் அரிசி பெற்றவர்தாம், அதே பூவைக் கண்ணாடிமேல் வார்த்துக் கொண்டுவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பதித்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். பழைய கற்களுக்கு நடுவே அதன் சிவப்பு மட்டும் சற்றுத் தூக்கலாகத் தெரிகிறது. ஆள் நடமாட நடமாட மெருகேறிச் சேர்ந்துவிடும் என்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்