நியூரானை மட்டும் எண்ணாதீர்கள்

மூளைக் காயத்துக்கு மருந்து தேடும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் எத்தனை நியூரான், அதாவது நரம்புச் செல், பிழைத்தது என்ற கணக்கைத்தான் முதலில் காட்டுகிறீர்கள்; அந்த நியூரானுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் திரும்ப முளைத்ததா, முளைத்தது கசியாமல் நின்றதா என்பது பல நேரம் கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது, இல்லை வருவதே இல்லை. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. ரத்தம் வராத இடத்தில் பிழைத்த நியூரான் எத்தனை நாள் தாங்கும்?

மூளையில் நியூரான்களைச் சூழ்ந்திருக்கும் துணைச் செல்களுக்கு 1850-களில் ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோவ் வைத்த 'நியூரோகிளியா' என்ற பெயரிலேயே 'பசை' என்ற பொருள் இருக்கிறது. அந்தப் பெயர் இன்னும் நம் மனதை விட்டுப் போகவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அடிபட்ட இடத்தில் நடப்பதைப் பாருங்கள். ஆக்சிஜன் குறைந்ததும் ஆஸ்ட்ரோசைட்கள் என்ற துணைச் செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. முதல் சில நாட்களில் அது ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்தி வீக்கத்தைக் கூட்டுகிறது, அப்புறம் அதே புரதம்தான் புதுக் குழாய் கிளைவிடக் காரணமாகிறது. சரி, கிளைவிட்டால் போதுமா? போதாது. புதுக் குழாய் பிடிஜிஎஃப்-பி என்ற சமிக்ஞையை அனுப்பி பெரிசைட்கள் என்ற செல்களை வரவழைக்க வேண்டும், அவை வந்து வெளிப்புறம் ஒட்டிக்கொண்டால்தான் சுவர் உறுதிப்படும். பெரிசைட் குறைந்த சுண்டெலிகளில் ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் புகாமல் தடுக்கும் ரத்த-மூளைத் தடுப்பே கசிந்ததை 2010-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

ஆஸ்ட்ரோசைட் காயத்தில் தழும்பை உருவாக்குகிறது, அதனால் அதை அடக்கிவிடலாம் என்ற பேச்சுதான் எனக்குப் பெரிய கவலை. பக்கவாதம் வந்த சுண்டெலிகளில் காயத்தைச் சுற்றியிருந்த ஆஸ்ட்ரோசைட்களை அழித்தபோது ரத்தக்குழாய்ச் சீரமைப்பு கெட்டது, அசைவுத்திறன் மீள்வதும் பின்தங்கியது. பக்கவாதமும் தலையில் அடிபடுவதும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் அடக்கும் மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன் இதைப் பார்க்காமல் விடலாமா?

நான் கேட்பது இவ்வளவுதான். மருந்தை எந்த நாளில் கொடுத்தீர்கள் என்பதையும் சோதனையின் ஒரு கேள்வியாக்குங்கள், ஏனென்றால் இரண்டாம் நாளில் கெடுத்தது பத்தாம் நாளில் உதவக்கூடும். புதுக் குழாய்களின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் ரத்தம் ஓடுகிறதா, கசிகிறதா, பெரிசைட் மூடியிருக்கிறதா என்று அளந்து, அந்த அளவுகளை நியூரான் கணக்குக்குப் பக்கத்திலேயே முதல் படத்தில் போடுங்கள்.