கல்யாணச் செலவு பற்றி, உனக்கு மட்டும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, பாட்டி தினமும் உன்னைக் கேட்கிறாள். மற்ற சங்கதியெல்லாம் போனில் சொல்கிறேன், நீ எடுத்தால்.

நீ அனுப்பிய செலவுக் கணக்கைப் பார்த்தேன். எவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருக்கிறாய்! உன் வயதில் எனக்கு இந்தத் தெளிவு கிடையாது, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் இரண்டு பேர் சேமிப்பையும் நாங்கள் தருவதையும் கூட்டிப் பார்த்தால் நீ கீழே எழுதியிருக்கும் மொத்தம் வரவில்லை. நடுவில் ‘மற்றவை’ என்று ஒரு வரி இருக்கிறது. அது என்னவென்று நான் கேட்கப்போவதில்லை. பொதுவாக வட்டி எவ்வளவு போகிறது என்று அப்பாவிடம் விசாரித்தாயாமே, அதையும் கேட்கவில்லை.

பொதுவாக ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். 12 சதவீதம்தான் என்று சொல்லிக் கடன் தருவார்கள். அது ஃப்ளாட் வட்டியா, குறைந்துவரும் பாக்கிக்குப் போடும் வட்டியா என்று கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. ஃப்ளாட் என்றால் நீ மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி ஓடும். 3 வருடத் தவணையில் அந்த 12, உண்மையில் 21 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒரு நாள் பூ அலங்காரத்துக்கு மூன்று வருடம் தவணை கட்டுவதா? சரி, விடு. பொதுவாகத்தான் சொன்னேன்.

கணக்கைக் குறைக்க வேண்டுமென்றால் பூவில் ஆரம்பிக்காதே, ஆளில் ஆரம்பி. சாப்பாடு, நாற்காலி, மண்டபத்தின் அளவு எல்லாமே தலையை எண்ணித்தான் ஏறுகிறது. மேசைக்கு 10 பேர் என்றால் 300 பேருக்கு 30 மேசை, 30 பூச்சாடி. 150 பேருக்கு அதில் பாதி போதும். முதலில் பட்டியலைப் போடு, அப்புறம் மண்டபம் பார். மண்டபத்தைப் பிடித்துவிட்டு அது நிறைய வேண்டுமே என்று ஆள் சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக ஆசையாக வருகிறவர்களை வெட்டிவிடாதே. உன் அண்ணன் ஒரு ஆய்வைப் படித்துச் சொன்னான். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர்கள் இரண்டு பேர் 2014இல் வெளியிட்டது, கல்யாணம் ஆன 3,000 பேருக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். அதிகம் செலவழித்தவர்களிடம் பிரிவு கூடுதலாம், நிறையப் பேர் கூடி நடந்த கல்யாணங்களில் குறைவாம். செலவுதான் பிரித்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை, இரண்டும் சேர்ந்து காணப்படுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இதுதான் தோன்றுகிறது: மனிதர்கள் இருக்கட்டும், அவர்களுக்காகச் செய்யும் ஆடம்பரம் போகட்டும். சடங்கை நெருங்கியவர்களோடு வைத்துக்கொண்டு, மற்றவர்களை மாலையில் ஒரு எளிய சிற்றுண்டிக்குக் கூப்பிடலாமே. உங்கள் இரண்டு பேருக்கும் முகமே தெரியாதவர்களை மட்டும் எடுத்துவிடு. சித்தி ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அழகு குறைந்துவிடுமோ என்று நீ பயப்படுகிறாய், எனக்குத் தெரியும். குறையாது. பகலில் வை, மரமும் வெளிச்சமும் உள்ள இடமாகப் பார், விளக்கு அலங்காரச் செலவு பாதி போய்விடும். வெயில் சாய்ந்த பிறகு பொழுது இறங்கும்வரை கிடைக்கும் வெளிச்சத்தில் படம் விழுகிற மாதிரி எந்த விளக்கிலும் விழாது. அந்தந்தப் பருவத்தில் பூப்பதை வாங்கு. எல்லா மூலையிலும் தூவாமல் வாசலிலும் நீங்கள் நிற்கும் இடத்திலும் மட்டும் நெருக்கமாக வை, பார்க்கிறவர் கண்ணும் கேமராவும் போவது அங்கேதான். படக்காரரிடம் நாள் முழுக்கப் பேசாமல் முக்கியமான சில மணி நேரத்துக்குப் பேசு, ஆல்பத்தை அடுத்த வருடம்கூடப் போட்டுக்கொள்ளலாம். அச்சடித்த அழைப்பிதழ் பெரியவர்களுக்கு மட்டும் போதும், அதையும் ஆளுக்கொன்று என்று எண்ணாதே, வீட்டுக்கு ஒன்று. வார நாளில் வைத்தால் வாடகை குறைத்துத் தருவார்களா என்று கூச்சப்படாமல் கேள். உனக்குப் பேரம் பேச வராது, அப்பா மாதிரி.

மண்டபத்தில் எதையும் வாய்வார்த்தையாக விடாதே. சுத்தம் செய்ய எவ்வளவு, மின்சாரத்துக்குத் தனியா, நேரம் தாண்டினால் மணிக்கு என்ன, வெளியிலிருந்து சமையல்காரர் வந்தால் கட்டணம் உண்டா, எல்லாவற்றையும் எழுதி வாங்கு. அண்ணன் கல்யாணத்தில் கடைசி நாள் நீட்டிய பில் உனக்கே ஞாபகம் இருக்கும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வை. உன் கணக்கில் அது எங்கேயும் இல்லை. இவ்வளவு யோசித்த பெண் இதை எப்படி விட்டாய் என்று எனக்குக் கோபம்தான்.

பட்டியலை முதலில் போடு. மறுபடியும் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. ஆள் எண்ணிக்கை முடிவானால் அந்த ‘மற்றவை’ வரிக்குத் தேவையே இல்லாமல் போகலாம். மாப்பிள்ளைக்கு அந்த வரி பற்றித் தெரியுமா? தெரிந்திருந்தால் எனக்குப் பாதிக் கவலை குறையும். தெரியாவிட்டால் எங்களிடம் சொல்வதற்கு முன் அவரிடம் சொல். எங்களிடம் சொன்னால் அப்பா கோபப்பட மாட்டார், வருத்தப்படுவார், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லை என்றால் கொடுக்கும் முன் கூப்பிடு. கொடுத்திருந்தாலும் கூப்பிடு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பி வரும் என்று அந்த ரசீதை வைத்துக்கொண்டு சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா