ஒரு சென்ட் நிலம் கேட்டு ஒரு மடல்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற நில அளவர், குரோம்பேட்டையில் குடியிருக்கிறேன். மனைப்பிரிவுகளில் அழிந்துபோகும் பழங்கால ஈமக் கல்வட்டங்களைப் பற்றி எழுதுகிறேன். 1984-இல் யு.டி.ஆர். எனும் நிலப் பதிவேடு புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, வண்டலூருக்குத் தெற்கே ஓர் ஏரிக்கரை மேட்டில் சங்கிலி பிடித்தேன். முழங்கால் உயரக் கருங்கற்கள் அங்கே வட்டமாக நின்றன. நடுவில் சிறுகற்கள் குவிந்து கிடந்தன. ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர், "பாண்டவர் குழி சார், மேல கால் வைக்காதீங்க" என்றார். குறுக்கே ஏழு மீட்டர் இருந்தது. பதிவேட்டில் 'கரடு' என்று எழுதிவிட்டு அடுத்த புலத்துக்கு நகர்ந்துவிட்டேன். என்ன கல், ஏன் வட்டம் என்று கேட்கும் அறிவு அப்போது எனக்கு இல்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பல்லாவரத்து ஈமப்பேழையின் முன்னால் நின்றேன். 1880களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பல்லாவரம் குன்றில் கண்டெடுத்தது போன்ற சுடுமண் பேழை அது. தொட்டி போல நீளமாக, அடியில் வரிசையாகக் கால்கள். இறந்தவரின் எலும்புகளை அதில் இட்டு, பக்கத்தில் மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் வைத்து, மேலே கற்குவை எழுப்பிச் சுற்றிலும் பெருங்கற்களை நட்டிருக்கிறார்கள். ஏரிக்கரை மேடு அந்த நிமிடமே நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

மேடு இல்லை. ஜேசிபி ஓடிய தடமும் மனைக்கற்களும் இருந்தன. நட்டிருந்த பெருங்கற்களைச் சாலைக்கு அடியில் நிரவியிருந்தார்கள். ஓரத்து மண்ணில் ஒரு சுடுமண் கால் கிடந்தது, கை முழ நீளம். பக்கத்தில் ஓடுகள்: வெளியே சிவப்பு, உள்ளேயும் விளிம்பிலும் கருப்பு. சூளையில் கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறம் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். ஒரே நெருப்பில் இரண்டு நிறம். வேலையாள் ஒருவர், துருவேறிய நீளமான இரும்பு ஒன்று கிடைத்ததாகவும், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாகவும் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணில் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அவருக்கு அதை யார் சொன்னார்கள்? ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஆள் வருவதற்குள் தார் ஊற்றிவிட்டார்கள்.

அந்தக் காலும் நாலு ஓடுகளும் துணியில் சுற்றி என் வீட்டில் இருக்கின்றன. அவற்றை ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். ஆனால் பேழை எந்தத் திசை பார்த்து இருந்தது, எத்தனை பேரின் எலும்பு அதில் இருந்தது, எந்தக் கலம் தலைமாட்டில், எது கால்மாட்டில், எதற்குள் தானியம் இருந்தது என்பதெல்லாம் மண்ணோடு போயிற்று. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், ஈமத்தாழி ஒன்றில் கிடைத்த நெல்லை வைத்துத்தானே கி.மு. 1155 என்று காலம் கணித்து, 2021-இல் சட்டமன்றத்தில் பெருமையோடு அறிவித்தோம்? அந்தத் தாழியை யாரோ பொறுமையாகத் திறந்ததால் நமக்குக் கிடைத்த ஆண்டு அது.

பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பட்டியலில் ஏறாத கல்வட்டத்துக்கு இந்தச் சட்டம் குடை பிடிக்காது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் கரடுகளில் அப்படி எத்தனையோ வட்டங்கள் நிற்கின்றன.

ஒன்று நினைவுக்கு வருகிறது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் உள்ள பலகைக்கல், நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையின் இனம். அதனால்தான் 1893-இல் அந்தப் பாறைக்கே சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார்கள். அதே கருங்கல்லை நம் முன்னோர் நட்ட இடங்களுக்கு நாம் வரைபடத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். புலப்படத்தில் கிணற்றைக் குறிக்கிறோம், சுடுகாட்டைக் குறிக்கிறோம். கல்வட்டத்துக்கும் ஒரு குறியீடு வேண்டும். மனைப்பிரிவுக்கு விண்ணப்பம் வந்தால் பட்டா, வில்லங்கம், நீர்நிலை பார்ப்பதோடு, மண் தோண்டுமுன் தொல்லியல் துறை ஆள் ஒருவர் அந்த நிலத்தில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். வட்டம் தென்பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. பெரிய மனைப்பிரிவில் 10 விழுக்காடு திறந்தவெளி ஒதுக்கத்தான் வேண்டும். அந்த ஒதுக்கீட்டை வட்டம் இருக்கும் இடத்திலேயே கொடுங்கள். ஏழு மீட்டர் வட்டம் ஒரு சென்ட்கூட இல்லை. அகழ்வதா, அப்படியே விடுவதா என்பதைத் துறை பிறகு நிதானமாக முடிவு செய்யட்டும். குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்திருக்கும் இந்த நேரத்தில் செய்யாவிட்டால், அளக்க மேடு மிஞ்சாது.

'கரடு', 'பாறை' என்று நானும் என் கூட வேலை பார்த்தவர்களும் எழுதிய புலங்களில், வட்டமாகக் கல் நின்றதாக எனக்கு நினைவிருக்கும் பதினோரு இடங்களை கிராமம், புல எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஓர் இளம் அளவரையும் உங்கள் துறை ஆள் ஒருவரையும் அனுப்புங்கள். முட்டி வலி இருந்தாலும் கூட வந்து காட்டுகிறேன். ஆடி மழை பிடித்துப் புல் மூடுவதற்குள் போனால் கற்கள் நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
குரோம்பேட்டை, சென்னை