மேட்டில் வைத்துத் தேர்வு நடத்துங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், பஸ், லாரி ஓட்டுவதற்கான ஹெவி லைசென்ஸ் தேர்வு நடத்தும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கு வணக்கம்.

நான் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். ஊர் பென்னாகரம் பக்கம். எங்கள் காலத்தில் உங்களைப் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்வோம். இந்த மடலும் பிரேக்கைப் பற்றியதுதான்.

என் அக்கா மகன் வேறு மாவட்டத்தில் ஹெவி எடுத்தான். இருபது வயது தாண்டியிருந்தது, கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது, மருத்துவச் சான்று, பயிற்சிப் பள்ளிச் சான்று எல்லாம் சரியாக வைத்திருந்தான். தேர்வன்று சமதரையில் கொஞ்ச தூரம் முன்னே போகச் சொன்னார்கள், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். லைசென்ஸ் கைக்கு வந்ததும் மினி பஸ் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

சேர்வதற்கு முன் என்னிடம் வந்தான். தெரிந்தவர் ஒருவரின் வண்டியை வாங்கி, ஆள் ஏற்றாமல், மலைச்சாலைக்குக் கூட்டிப் போனேன். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னேன். வண்டி ஒரு வண்டி நீளத்துக்குப் பின்னால் உருண்டது. இறங்கும்போது டாப் கியரிலேயே பிரேக் மேல் கால் வைத்தபடி வந்தான். அடிவாரத்தில் நிறுத்தியபோது பிரேக் லைனிங், அதாவது உரசிப் பிடிக்கிற பட்டை, கருகும் வாடை. அவன் ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கை நடுங்கியது. அந்த வண்டியில் முப்பது பேர் இருந்திருந்தால்?

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தேர்விலும் யாரும் கேட்கவில்லை.

ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சின்ன கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்த எடையும் பிரேக் தலையில் விழும். சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம் சூடாகி லைனிங் பிடிமானம் போய்விடும். காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் பிரேக்கில் மிதித்து மிதித்து விட்டால் டேங்கில் காற்றும் குறையும். டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டால் காற்று ஏறவே ஏறாது. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்குகிற வண்டிகள் எத்தனையோ இப்படித்தான் முன்னால் போகிறவர்கள் மேல் போய் விழுந்தன. நான் அந்த வழியே ஓட்டிய காலம் முழுக்க, இறக்கம் முடிகிற வரை பின்கண்ணாடியை விட்டுக் கண் எடுத்ததில்லை.

இதைப் புதிதாகக் கேட்கவில்லை, ஐயா. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி, தேர்வில் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது. இறக்கத்தில் சட்டென்று கீழ் கியருக்கு மாற்றத் தெரிய வேண்டும், செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்கத் தெரிய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. சமதரை மைதானத்தில் இந்த இரண்டையும் எப்படிப் பார்க்க முடியும்?

இப்போது இதற்கு அவசரம் கூடியிருக்கிறது. புதிய மினி பஸ் திட்டம், பஸ் போகாத ஊர்களுக்குத்தான் வண்டியைக் கொண்டு போகிறது. நம் பக்கத்தில் அப்படிப்பட்ட ஊர்கள் பல, சித்தேரி, தேன்கனிக்கோட்டைக்கு மேலே பெட்டமுகிலாளம், அஞ்செட்டி என்று மலைப்பக்கங்களில்தான் இருக்கின்றன. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை 2019-இல் எடுத்தார்கள். அதில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். படிப்பை நிறுத்திவிட்டு கிளீனராகப் போன மலைப் பிள்ளைகள் இனி ஓட்டுநர் இருக்கையில் உட்காரலாம். அவர்களை முழுசாகப் பழக்கி உட்கார வைப்போம்.

தொப்பூரில் தேர்வு வைக்கச் சொல்லவில்லை, அங்கே லாரி நெரிசல். வத்தல்மலை அடிவாரம் மாதிரி வண்டி குறைவான இடத்தில் ஓர் ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதத்தில் ஒரு நாள் ஹெவி தேர்வை அங்கே வையுங்கள். பயிற்சிப் பள்ளிகள் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டவிட்ட பிறகே சான்று கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அக்கா மகன் அந்த வேலையில் உடனே சேரவில்லை. இரண்டு மாதம் என்னோடு மலைச்சாலையில் ஓட்டினான். இப்போது ஓட்டுகிறான். அவனுக்குக் கொடுத்த இரண்டு மாதத்தை மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுக்க நான் தயார். என்னோடு ஓய்வு பெற்ற நாலைந்து பேரும் வருவார்கள். சம்பளம் வேண்டாம். வண்டியும் இடமும் நீங்கள் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்,
பென்னாகரம் வட்டம்.