கொச்சிக்குக் கிளம்பும் முன்னே

பாளையங்கோட்டை,
சித்திரை மாதம்.

அன்புள்ள சண்முகம்,

உம்ம கடிதம் கிடைச்சுது வே. அம்பையில் வெயில் ஆளை உரிக்குதுன்னு எழுதியிருந்தீர். இங்கே மட்டும் என்ன வாழுது! குறுக்குத்துறையில் ஆத்துத் தண்ணி வத்திப் பாறை பாறையாத் தெரியுது. பொழுது அடைஞ்ச பிறகும் ரோட்டில் அனல் அடங்கலை. ஊர்ச் சேதி இவ்வளவுதான். மதினிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துட்டுன்னு படிச்சதில் நிம்மதி.

பேரப்பிள்ளைகள் மூணு பேரையும் பாலருவி ரயிலில் கொச்சிக்குக் கூட்டிட்டுப் போய் வாட்டர் பார்க்கில் விடப் போறீர். காய்ச்சல், வயித்தாலை எதுவும் ஒட்டாமல் திரும்பி வரணும், என்ன செய்யணும்னு கேட்டிருந்தீர். சானிட்டைசர் பெரிய பாட்டிலா ரெண்டு வாங்கியாச்சுன்னும் எழுதியிருக்கீரே, அதில் ஒண்ணைக் கடையில் திருப்பிக் கொடுத்துடும். விடுமுறைக் கூட்டத்தில் குடும்பத்தையே வாந்தியும் பேதியுமாப் படுக்கப் போடுறது பெரும்பாலும் நோரோவைரஸ். அதுக்கு ஆல்கஹால் சரியாக் கேட்காது. ஃப்ளூ, கொரோனா கிருமிக்கு மேலே கொழுப்புச் சவ்வு உண்டு; ஆல்கஹால் அதைக் கரைச்சதும் கிருமி ஒழிஞ்சுது. நோரோவுக்கு அந்தச் சவ்வே கிடையாது, வெறும் புரத ஓடுதான். கை கால் வாய் நோய்க் கிருமியும், மஞ்சக்காமாலையில் ஹெபடைடிஸ் ஏ கிருமியும் இதே ரகம். இதுகளைக் கொல்லுறதை விடக் கையிலிருந்து கழுவி விடுறதுதான் நடக்கிற காரியம். சோப்பு, ஓடுற தண்ணி, 20 வினாடி தேய்ப்பு. கட்டைவிரலும் நகக்கண்ணும்தான் எல்லாரும் விட்டுடுற இடம். கிளம்புறதுக்கு முந்தின நாள் மூணு பிள்ளைகளுக்கும் நகத்தை ஒட்ட வெட்டிடும்.

பூங்காக் கழிவறையில் கூட்டம் ஏற ஏறச் சோப்பு காலியாயிடும், இல்லைன்னா தண்ணி ஊத்தி நீர்க்கடிச்சிருப்பாங்க. சின்ன டப்பியில் வாற காகிதச் சோப்பு ஆளுக்கு ஒண்ணு வாங்கும். கை நனையுறதுக்கு முன்னே ஒரு தாளை உருவணும். ஈரக் கையை டப்பிக்குள் விட்டால் மொத்தத் தாளும் ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கட்டியாயிடும், அப்புறம் அந்த டப்பி குப்பைக்குத்தான். கழுவின கையைச் சட்டையில் துடைக்காமல் தனிக் கைக்குட்டையில் துடைக்கணும். ஈரம் இருக்கிற கையில் கிருமி சுலபமா ஏறும். மிச்சம் வச்ச சானிட்டைசர் ரயிலுக்கும் வரிசையில் நிக்கிற நேரத்துக்கும் ஆகும், பாட்டிலில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கான்னு பார்த்துக்கிடும்.

ஊசி விஷயத்தை இப்பவே பார்க்கணும். ஃப்ளூ ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு ஏற ரெண்டு வாரம் ஆகும். கிளம்புறதுக்கு முந்தின நாள் போட்டால் துட்டு போச்சே தவிர அந்தப் பயணத்துக்கு உதவாது. சர்க்கரை இருக்கிறதால் மதினிக்கு முதலில் போடும். சின்னவளுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருக்குமே, தட்டம்மை-ரூபெல்லா ரெண்டாவது தவணை 16-லிருந்து 24 மாசத்துக்குள் போட்டாச்சான்னு தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாரும். கலிபோர்னியா டிஸ்னி பூங்காவில் 2014 டிசம்பரில் தட்டம்மை கிளம்பி, அடுத்த சில மாசத்தில் நூத்துக்கும் மேலான பேருக்குப் பரவினது. பிடிச்சவங்களில் பெரும்பாலானவங்க ஊசி போடாதவங்க, இல்லைன்னா போட்டதுக்கு அத்தாட்சி இல்லாதவங்க. தட்டம்மைக்காரன் ஒருத்தன் அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். அதுக்குக் கை கழுவி என்ன பிரயோசனம்?

இதைவிட முக்கியமான ஒண்ணு, சொன்னால் கோபப்படாதீர். கிளம்புறதுக்கு முந்தின ரெண்டு வாரத்தில் பிள்ளைகளில் எதுக்காவது பேதி வந்திருந்தால், நின்னுட்டுன்னாலும் தண்ணியில் இறக்கக் கூடாது. நோரோ, ஆள் தேறின பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும் அதுக்கு மேலும் மலத்தில் போய்க்கிட்டே இருக்கும். கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி உண்டு. அது வந்த பிள்ளை பேதி நின்னு 2 வாரம் கழிச்சுத்தான் குளத்துக்குப் போகணும். எந்தக் கிருமின்னு நாம எங்கே சோதிச்சுப் பார்க்கப் போறோம், ரெண்டு வாரம்னே வச்சுக்கிடும். டிக்கெட் எடுத்தாச்சேன்னு காய்ச்சல் பிள்ளைக்குப் பாராசிட்டமால் கொடுத்து வாசலில் நெத்தியைத் தொட்டுப் பார்த்து உள்ளே விடுறது கோட்டிக்காரத்தனம். அந்தப் பிள்ளையும் வாடும், வரிசையில் நிக்கிற ஊரான் பிள்ளைக்கும் ஒட்டும். தேதி மாத்துற வசதி இருக்கிற டிக்கெட்டா எடுத்தால் இந்தச் சபலமே வராது.

தண்ணிக்கு வருவோம். "குத்தாலத்தில் குளிச்சு வராத நோயா அங்கே வரப்போகுது"ன்னு மதினி கேட்பாங்க. அருவித் தண்ணி தலையில் விழுந்து சித்தாற்றோடு போயிடும். வாட்டர் பார்க்கில் அதே தண்ணிதான் வடிகட்டி வழியாச் சுத்திச் சுத்தி வரும். காலையில் ஒரு பிள்ளை கழிச்சது சாயங்காலம் வரைக்கும் அதில்தான் இருக்கும். காவலுக்கு இருக்கிறது குளோரின் ஒண்ணுதான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரினும் பி.எச். (தண்ணியின் அமில-கார அளவு) 7.5-உம் இருந்தால் ஈ.கோலைங்கிற குடல் கிருமி 1 நிமிஷத்துக்குள் சாகும், ஹெபடைடிஸ் ஏ சுமார் 16 நிமிஷத்தில், பேதி தாற ஜியார்டியா ஒட்டுண்ணி சுமார் 45 நிமிஷத்தில். நான் சொன்ன கிரிப்டோவுக்கு 10 நாளுக்கு மேல் ஆகும். தண்ணி எவ்வளவு சுத்தமா இருந்தாலும் வாயில் வாங்கக் கூடாதுன்னு சொல்லுறது இதனால்தான். பயலுவ தண்ணியை வாய் நிறைய வாங்கி ஒருத்தன் மேல் ஒருத்தன் பீச்சி விளையாடுவானுவ பாரும், முதலில் அதை நிறுத்தும். சறுக்கில் வந்து விழும்போது வாயை மூடிக்கிட்டு மூக்கு வழியா மூச்சை விடச் சொல்லும்.

குளோரின் நாத்தம் தூக்கலா அடிச்சால் தண்ணி சுத்தம்னு நம்ம ஆள்கள் நினைக்காங்க. உண்மை நேர் எதிர். குளோரின் வேர்வையோடும் சிறுநீரோடும் கலந்து குளோரமைன் ஆகும்போதுதான் அந்த நெடியும் கண் எரிச்சலும் வரும். நெடி அடிக்குதுன்னா குளோரின் கிருமியை விட்டுட்டு அழுக்கோடு மல்லுக்கட்டுதுன்னு அர்த்தம். பி.எச். ஏறினாலும் வீரியம் போயிடும்: 7.5-ல் பாதி வேலை செய்யும், 8-ல் கால்வாசிதான். சோதிக்கிற அட்டைகள் ஆன்லைனில் கிடைக்குது, ஒரு டப்பா போதும். முழங்கை ஆழத்தில் முக்கி, டப்பாவில் போட்டிருக்கிற நேரத்தில் நிறத்தை ஒப்பிட்டுப் பாரும். குளோரின் 1-க்குக் குறையக் கூடாது. வெயிலுக்குத் தாங்க சயனூரிக் அமிலம் சேர்க்கிற குளமா இருந்தால் 2. பி.எச். 7-லிருந்து 7.8-க்குள் இருக்கணும். அட்டை இல்லைன்னா கண்ணும் கையும் போதும். ஆழமான இடத்தில் அடித்தட்டு வடிகால் மூடி தெளிவாத் தெரியணும், சுவரைத் தடவினால் வழவழன்னு இருக்கக் கூடாது.

சின்னவளை விடுற குட்டிக் குளத்தில்தான் எனக்குப் பயமே. ஆழம் இல்லாததால் தண்ணி சீக்கிரம் சூடாகும், வாளி கவுந்து ஊத்துறதும் பீச்சுறதுமாத் தண்ணி தெறிச்சுக்கிட்டே இருக்கும், மேலே வெயில். மூணும் சேர்ந்து குளோரினை வேகமாத் தின்னுடும். அதுக்குள்ளே டயப்பர் போட்ட பிள்ளைகள் வேறே. அந்தக் குளத்தைத் திறந்ததும் முதல் வேலையா முடிச்சுட்டு, மத்தியானத்துக்கு மேல் பெரிய குளங்களுக்கும் தண்ணி இல்லாத விளையாட்டுக்கும் போயிடும். நீச்சல் டயப்பர் மலத்தைத் தாங்குமே ஒழியக் கிருமியைத் தடுக்காது. மணிக்கொரு தரம் பார்த்து, கழிவறையில் வச்சு மாத்தச் சொல்லும், குளத்தங்கரையில் வேண்டாம். இறங்குறதுக்கு முன்னே ஒரு நிமிஷம் ஷவரில் நின்னால் உடம்பு அழுக்கில் பெரும்பகுதி அங்கேயே போயிடும். எல்லாரும் இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை இல்லை. யார் செய்யுதாங்க?

மூளையைத் தின்னும் அமீபான்னு கேரளத்தில் 2024-லும் 2025-லும் அடிபட்ட சேதியை வச்சு யாராவது பயமுறுத்துவாங்க. அது ஆளுக்கு ஆள் ஒட்டுற நோய் இல்லை. வெதுவெதுன்னு கிடக்கிற நன்னீர் மூக்குக்குள் ஏறினால்தான் ஆபத்து, சரியாக் குளோரின் போட்ட தண்ணியில் அது பிழைக்காது. வழியில் ஏதாவது குளம் குட்டையைப் பார்த்துப் பயலுவ முங்கு நீச்சல் போடாமல் பார்த்துக்கிடும், அது போதும்.

நைலான் உடுப்பு இல்லாமல் தண்ணியில் விட மாட்டாங்க. அங்கே வாடகைக்கு எடுக்காமல் வண்ணார்பேட்டையிலோ அம்பையிலோ வாங்கித் துவைச்சு எடுத்துட்டுப் போம். துண்டு ஆளுக்கு ஒரு நிறம். சிவப்புத் துண்டு சின்னவளுதுன்னா அதை வேறே யாரும் தொடக் கூடாது. மெட்ராஸ் ஐயும் படர்தாமரையும் துண்டு வழியாவும் வீடு வந்து சேரும். நீச்சல் கண்ணாடியும் அவரவருக்குத் தனி. கால் விரல் இடுக்கைத் துடைச்சு ரப்பர் செருப்பு போட்டுக்கிடணும்.

வரிசையில் பிள்ளைகள் கம்பியைப் பிடிச்சுத் தொங்கத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. அந்தக் கை வாய்க்குப் போகாமல் பார்த்தால் போதும். பாப்கார்ன், சிப்ஸ் எதுவும் வரிசையில் கூடாது, உக்காந்து கை கழுவின பிறகுதான். திறந்த வெளி வரிசைக்கு முகக்கவசம் தேவையில்லை. ரயில் பெட்டி, இருட்டு அரங்கு, ஏசி சாப்பாட்டுக்கூடம், இந்த இடங்களில் நீரும் மதினியும் என்95 போட்டுக்கிடும்.

சாப்பாட்டில் ரயிலுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவின இட்லியும் போதும். சொதி, தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், இந்த வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது. புளியோதரையைத் தாம்பாளத்தில் பரப்பிச் சட்டுனு ஆற வச்சுக் கட்டச் சொல்லும். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்துச் சொட்டும், அந்த ஈரத்தில்தான் கெடும். அல்வாவைப் பற்றிக் கவலை வேண்டாம், அவ்வளவு சர்க்கரையில் கிருமி வளராது. கழுவாத கையை விட்டுப் பிச்சுத் தின்னாமல் இருந்தால் சரி. பெரும்பாலான பூங்காவில் வெளிச்சாப்பாட்டை உள்ளே விட மாட்டாங்க, அங்கே கண் முன்னால் கொதிக்கக் கொதிக்க எடுத்துத் தாறதை மட்டும் வாங்கும்.

கொச்சி ஹோட்டலில் பதிமுகம்ங்கிற மரச்சீவல் போட்டுக் கொதிக்க வச்ச இளஞ்சிவப்புத் தண்ணி வைப்பாங்க. கொதிச்சுது வரைக்கும் நல்லது. சூடு குறையட்டும்னு அதில் பச்சைத் தண்ணியை விளாவித் தந்தால் கொதிக்க வச்சதே வீண். கேரளத்தில் மஞ்சக்காமாலை பரவுற காலமெல்லாம் சுகாதாரத்துறை சொல்லுறது இதைத்தான். டம்ளரைத் தொட்டால் சுடணும். சும்மா வெதுவெதுன்னு இருந்தால் மூடி முத்திரை உடையாத பாட்டில் வாங்கிக்கிடும். ஐஸ் போட்ட சர்பத், எலுமிச்சை சோடா, வரவேற்பு பானம் எதுவும் வேண்டாம். ஹெபடைடிஸ் ஏ தலை காட்ட 15-லிருந்து 50 நாள் ஆகும். ஆனித் தேருக்கு நீங்க இங்கே வாற சமயத்தில் யாருக்காவது பசியே இல்லாமல் சிறுநீர் மஞ்சளாப் போனால், கொச்சிக்குப் போனதை டாக்டரிடம் சொல்லணும்.

ராத்திரி அறையில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் செய்ய வேண்டியது: மத்த பிள்ளைகளை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறந்துடும். ஃபேனை நிறுத்தும், துளி காத்தில் பறக்கும். கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கிட்டு, வாந்தி மேல் பேப்பரைப் போட்டு மூடி, ஓரத்திலிருந்து நடுவாக்க அள்ளிப் பையில் கட்டணும். மருந்துக்கடையில் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கிடைக்கும். அதில் 100 மில்லியோடு 900 மில்லி தண்ணி கலந்து அந்த இடத்தில் ஊத்தி 10 நிமிஷம் விட்டுத் துடைக்கணும். கழிவறை கழுவுற ஆசிட்டோடு அது சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும். துணிமணியைத் தனிப்பையில் கட்டும், உதறக் கூடாது. வாந்தி எடுத்த பிள்ளை, எல்லாம் நின்னு 48 மணி நேரம் ஆகுற வரை பூங்காவுக்கும் போகக் கூடாது, மத்தவங்க தட்டிலும் கை வைக்கக் கூடாது. பேதியும் போயிருந்தால் தண்ணியில் இறங்க மேலே சொன்ன ரெண்டு வாரக் கணக்குதான்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆறு எடுத்துக்கிடும். பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவன முறைன்னு போட்டிருக்கணும். டப்பாவில் வாற இனிப்புத் தண்ணி வேறே, அது பேதியைக் கூட்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்கணும், பாதியாப் பிரிச்சு டம்ளரில் போட்டால் உப்பு ஏறிடும். வாந்தி எடுத்ததும் 10 நிமிஷம் பொறுத்து, ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாப் பைய கொடுக்கணும். ரெண்டு வயசுக்குக் கீழே ஒவ்வொரு பேதிக்கும் 50-லிருந்து 100 மில்லி, மேலே உள்ள பிள்ளைக்கு 100-லிருந்து 200. பேதியை நிறுத்துற லோபெரமைடு மாத்திரையைப் பிள்ளைகள் பக்கம் கொண்டு போகாதீர். ஆறு மணி நேரமா மூத்திரம் போகலை, கண் குழி விழுந்துட்டு, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் சோர்ந்து சாயுது, இதில் ஒண்ணு இருந்தாலும் ஆஸ்பத்திரிதான், விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

சின்னவளோட தடுப்பூசி அட்டையைப் பார்த்துட்டு எழுதும். ரெண்டாவது தவணை விட்டுப்போயிருந்தால் அம்பை அரசு ஆஸ்பத்திரியிலேயே துட்டில்லாமல் போடலாம், இந்த வாரமே கூட்டிட்டுப் போம். மதினிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உம்ம
இசக்கி